நான் கலெக்டர் இல்லை

நான் கலெக்டர் ஆகிவிட்ட விஷயம் எனக்குத் தெரிந்தது பெருங்களத்தூரில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். அப்போது நான் ஒரு அம்மாவின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

என் வேலை ரத்தம் எடுப்பது. சேலையூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறேன். விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் குத்திவிட்டு வர வேண்டும். காப்பி குடிக்காத மனிதர்களையே தினமும் பார்த்து எனக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை எதுவும் மிச்சமில்லை. ஆனால் அந்த அம்மா நல்ல மாதிரி. ஊசியைப் பார்க்கப் பயம். அதனால் மற்ற கையில் போனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா. நம்ம ஏரியாதான். படிச்சதும் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு," என்று போனை என் பக்கம் திருப்பினார்.

போனில் என் அம்மா.

அம்மாதான், ஆனால் அம்மா இல்லை. முகம் அவளுடையது. உடம்பில் ஒரு பச்சைப் பட்டுப்புடவை. முன்னால் மூங்கில் கூடை நிறைய மீன், எல்லா மீனும் ஒரே மீனின் நகல் மாதிரி, ஒரே பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் வெள்ளையாக, மெலிந்து, கண்ணாடி போட்ட ஒரு பெண். அவள் கை அம்மாவின் தோளில். பின்னால் சிவப்பு விளக்கு வைத்த கார். கீழே எழுதியிருந்ததை அந்த அம்மா எனக்கு வாசித்தே காட்டினார்.

கைக்குழந்தையோடு கணவனை இழந்தாராம். தெருவோரம் மீன் விற்று மகளைக் கலெக்டர் ஆக்கினாராம். "அம்மா, இனி உன் கையில் மீன் வாடை வரக்கூடாது" என்று மகள் அரிவாளைப் பிடுங்கி எறிந்தாளாம். அன்றோடு அந்தத் தாய் வியாபாரத்தை விட்டுவிட்டாராம். இன்றும் அந்தக் கலெக்டர் பஸ்ஸில்தான் போகிறாராம். தான் யார் என்று ஒருவரிடமும் சொல்ல மாட்டாராம். கேட்டால், 'நான் இல்லை' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாராம். நடிகைக்கு லைக் போடுகிறீர்களே, இந்த ஏழைத் தாய்க்கு ஒரு லைக் போடுவீர்களா?

"நீ லைக் போட்டியாம்மா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"கையை மடக்கிப் பிடிங்க," என்றேன்.

என் அம்மாவுக்கு ஒரே மகள் நான். கறுப்பு. கண்ணாடி கிடையாது. படித்தது லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. கலெக்டர் ஆபீசுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், சாதிச் சான்றிதழ் விஷயமாக. அன்றைக்கும் வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிட்டார்கள்.

வண்டியில் ஜி.எஸ்.டி ரோட்டுக்கு வந்த பிறகு அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன். எங்கள் ஏரியாக்காரர்களுக்கென்று இருக்கும் பேஸ்புக் குழுவில்தான் இருந்தது. அம்மாவின் அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் அதே குழுவில் அம்மாவைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். கல்யாண மண்டபத்துச் சுவரை ஒட்டி இருக்கும் மீன் வரிசையில் இந்த அக்காவிடம் வாங்குங்கள், சுத்தமாக வெட்டித் தருவார் என்று எழுதியிருந்தார். அந்தப் போட்டோவில் அம்மா பழைய நைட்டி மேல் சட்டை போட்டுக்கொண்டு, முழங்கை வரை செதிலோடு, வெயிலுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பாள். அதிலிருந்து முகத்தை மட்டும் உரித்து எடுத்து, சுளிப்பை அழித்து, சிரிப்பு ஒட்டியிருக்கிறான் எவனோ. ஏஐ என்று ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாம் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் கலெக்டர் வந்ததும் அப்படித்தான்.

அந்தக் குழு முன்னால் உபயோகமாகத்தான் இருந்தது. தண்ணி லாரி எந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது, எங்கே கரண்ட் இல்லை, முடிச்சூர் பக்கம் மழைத் தண்ணி வடிந்ததா, யாருடைய நாயைக் காணோம், இதெல்லாம் வரும். சண்டையும் வரும், குப்பை வண்டிக்காக. அதெல்லாம் மனிதர்கள் போட்ட சண்டை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இந்த மாதிரிப் படங்கள் வர ஆரம்பித்தன. மணலில் ரயில் செய்த ஏழைச் சிறுவன். பிறந்தநாளுக்கு யாருமே வாழ்த்தாத தாத்தா. கையில்லாத ராணுவ வீரன். எல்லாரும் வரிசையில் நின்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். தண்ணி லாரியைப் பற்றிக் கேட்டவனுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. நானும் அதையெல்லாம் தள்ளிவிட்டுக்கொண்டேதான் இருந்தேன். இதில் என் அம்மா வருவாள் என்று கண்டேனா?

வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கட்டு. கடல் கெளுத்தியின் முள் உள்ளங்கையில் ஏறி, அது சீழ் பிடித்து, கை பூரி மாதிரி வீங்கிவிட்டது. சர்க்கரை வேறு. ரத்தம் எடுத்துப் பார்த்தவளே நான்தான். கையில் தண்ணி படக்கூடாது, மீனைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சில வாரங்களாக வரிசைக்குப் போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக மதியத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சேனல் மாற்றுகிற வேகத்திலேயே தெரிந்துகொள்ளலாம்.

போனைக் காட்டினேன். அப்பா முந்திக்கொண்டு வாங்கிப் படித்தார். அப்பாவுக்குக் கடலை விட்டு ரொம்ப நாள் ஆகிறது, இப்போது ஒரு கிடங்கில் வாட்ச்மேன்.

"இன்னாடி இது, நான் செத்துப் பூட்டேனா?"

"ஆமாம்பா. நான் கைக்குழந்தையா இருக்கும்போதே."

"எப்படிப் பூட்டேன்? போட்டுக்கிறானா?"

"போடல."

"ஒரு கடல், ஒரு புயலு, இன்னாவாச்சும் போட வேணாவா? சும்மா பூட்டேன்னா இன்னா அர்த்தம்? குடிச்சிட்டுப் பூட்டேன்னு நெனப்பாங்க," என்றார். நிஜமாகவே கோபம் அவருக்கு.

அம்மா கையை நீட்டினாள். போனை இடது கையில் வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரமாக வைத்து, மறுபடியும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். "நல்லாத்தான் போட்டுக்கிறான்," என்றாள். "இந்தப் பச்சை எனக்கு எடுப்பா கீது, இல்ல?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் அடங்குகிற வரைக்கும் கத்தினேன்.

அந்தப் பதிவைப் புகார் செய்தேன். எங்கள் விதிகளுக்கு எதிராக இதில் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. அடியில் கருத்து எழுதினேன்: "இது என் அம்மா. இது உண்மையான படம் இல்லை. நான் கலெக்டர் இல்லை. என் அப்பா உயிரோடு இருக்கிறார்." கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: "உங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி! இதுபோன்ற ஊக்கமளிக்கும் கதைகளுக்கு எங்களைப் பின்தொடருங்கள்." பதில் போட்டதும் மனிதன் இல்லை. படித்திருந்தால்தானே?

மனிதர்களும் பதில் போட்டார்கள். அது இன்னும் மோசம். "ஒரு ஏழைப் பெண் முன்னேறினால் பொறுக்காதே உங்களுக்கு" என்று ஒருவர். "வயிற்றெரிச்சல்" என்று ஒருவர். நீயும் படித்து முன்னுக்கு வா தங்கச்சி என்று ஒரு அண்ணன் எனக்குப் புத்தி சொல்லியிருந்தார். நானே எனக்குப் பொறாமைப்படுகிறேன் என்று ஊரே சேர்ந்து என்னைத் திட்டியது. எல்லாருக்கும் பதில் எழுதினேன். எழுத எழுத அந்தப் பதிவு இன்னும் மேலே ஏறியது. சண்டை நடந்தால் அந்த மிஷினுக்குச் சந்தோஷம் என்று எங்கள் லேபில் ரிப்போர்ட் அடிக்கிற தம்பி சொன்னான். அழுதாலும் ஏறும், திட்டினாலும் ஏறும். சும்மா இருந்தால் மட்டும்தான் இறங்குமாம். நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை.

இதெல்லாம் வெறும் எரிச்சல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மீன் வரிசைக்குப் போன அன்றுதான் இது எங்கள் சோற்றில் கை வைத்துவிட்டது என்று புரிந்தது.

வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்துச் சுவரோரம் அந்தப் பெண்கள் உட்காருகிற இடத்துக்குப் பட்டாவும் கிடையாது, ரசீதும் கிடையாது. இடம் என்பது கட்டைதான். மீன் வெட்டுகிற புளியங்கட்டை. யாருடைய கட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அவள் இடம். பிரசவத்துக்குப் போனாலும், சாவுக்குப் போனாலும், கட்டையைச் சாக்கில் சுற்றி அவள் இடத்திலேயே வைத்துவிடுவார்கள். எவ்வளவு நாள் ஆனாலும் அதன் மேல் ஒருத்தி உட்கார மாட்டாள். ஆனால் ஒருத்தி தொழிலையே விட்டுவிட்டாள் என்றால் கதை வேறு. அவள் கட்டையை மஞ்சள் தண்ணி ஊற்றிக் கழுவி, இடத்துக்காகக் காத்திருக்கிற அடுத்தவளிடம் கொடுத்துவிடுவார்கள். கழுவிக் கொடுத்தால் கொடுத்ததுதான். திருப்பிக் கேட்கிற வழக்கம் இல்லை.

நான் போன அன்று அம்மாவின் கட்டையில் வேறு ஒருத்தி சங்கரா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

என்னைவிடச் சின்னவள். காலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கூடையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். நடுவில் அம்மாவின் கை பழகிய பள்ளம் ஒன்று இருக்கும்.

வரிசைக்கு ஒரு பெரிய மனுஷி உண்டு. முதலில் அந்தச் சுவரோரம் உட்கார்ந்தவள். நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன். என்னைப் பார்த்ததும், "வாங்கடி, கலெக்டர் வந்துக்கீறாங்க, எழுந்து நில்லுங்க!" என்று சத்தம் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சின்னப்பெண் மட்டும் நிஜமாகவே எழுந்து நின்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டாள்.

"மேடம், எங்கூட்டு மேல ஒரு கரண்ட்டுக் கம்பி தொங்கிகினே கீது மேடம். எத்தினியோ வாட்டி எழுதிக் குடுத்துட்டோம். நீங்க ஒரு வார்த்த சொன்னா…"

"உக்காரும்மா. நான் மேடம் இல்ல," என்றேன். "பெரிம்மா, எங்கம்மா கட்டை எப்படி இவங்க கிட்ட?"

"உங்கம்மாதான் தொழில உட்டாச்சே. நீ அருவாள எறிஞ்சிட்டியாமே? நல்ல அருவாடி, எங்கிட்ட குடுத்துருக்கலாமில்ல?"

"நான் எறியல. நான் கலெக்டரே இல்ல. லேப்ல ரத்தம் எடுக்கறேன். அது எவனோ கட்டிவிட்ட பொய்."

பெரிம்மா பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துக் கண்ணடித்தாள். "பாத்தியா? அதுல போட்டுக்கீற மாதிரியே சொல்லுது பாரு. கேட்டா இல்லம்பாங்களாம், சிரிச்சிட்டுப் பூடுவாங்களாம்."

"நான் சிரிக்கலையே!"

"அது உன் பழக்கம், நீ எப்ப சிரிச்ச? எறா உரிக்க உக்காந்தாலே உர்ருனு இருப்ப."

என்ன சொன்னாலும் அந்தக் கதைக்குள்ளேயே போய் விழுந்தது. இல்லை என்றால் அடக்கம். கோபப்பட்டால் அதிகாரி. நான் வந்தது வண்டியில் என்பதைக்கூட, "பஸ்லதான் போவும்னு போட்டான், ஸ்கூட்டர் வாங்கிக்கிச்சு" என்று ஒருத்தி திருத்திக்கொண்டாள்.

"போன்ல ஆயிரம் பொய் வரும் பெரிம்மா. அத நம்பி இடத்த எடுத்துக் குடுத்துருவீங்களா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "போன நம்பி நான் குடுப்பேனா? உங்கம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டேன். இன்னாடி, பொண்ணு கலெக்டராமே, நெசமான்னேன். ஆமான்னா. இனிமே வரமாட்டியான்னேன். பதிலே இல்ல. கட்டைய இவளுக்குக் குடுத்துறட்டான்னேன். குடுன்னா. அப்புறம்தான் மஞ்சத் தண்ணி ஊத்தினேன்."

பின்னால் ஒருவர் வஞ்சிரம் இன்னா ரேட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். இந்த முறை கத்தவில்லை. அவள் டிவியை அணைக்காமல் பதில் சொன்னாள்.

"ஆமான்னு சொன்னேன்."

"ஏன்?"

"அவ கேட்டா. நான் சொன்னேன்."

"நான் கலெக்டராம்மா?"

"இல்லன்னு எனக்குத் தெரியாதா? அத்தன வருசமா அவளுக, பொட்டப் புள்ளைய எதுக்குப் படிக்க வெக்கிற, படிக்க வெக்கிறன்னு பேசிகினே இருந்தாளுக. ஒரு வாட்டி ஆமான்னு சொல்லிப் பாத்தேன். எப்படிக் கீதுன்னு."

"இடம் போச்சேம்மா. கை ஆறினா எங்க போய் உக்காருவ?"

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளை அடிக்கலாம் போலவும் இருந்தது, பக்கத்தில் போய் உட்காரலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். என் சம்பளத்தில் வீடு ஓடாது. அப்பாவின் சம்பளம் அவருக்கே போதாது. ஆனால் அதுகூட இல்லை. வேலை இல்லாமல் இந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தால் அம்மா செத்துப்போவாள். அதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குழுவை நடத்துகிற அட்மின் சார் வீட்டுக்குப் போனேன். அதே பெருங்களத்தூர் அடுக்குமாடிதான், வேறு பிளாக். கதவைத் திறந்து, என் பையைப் பார்த்துவிட்டு, "நாங்க சாம்பிள் எடுக்கச் சொல்லலையே," என்றார். விஷயத்தைச் சொன்னேன். சோபாவில் உட்காரச் சொன்னார், நீர்மோர் கொடுத்தார். கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல்.

"மேடம், நீங்க இதை நெகட்டிவா எடுத்துக்கறீங்க. பாசிட்டிவ் போஸ்ட்தானே? உங்க மதரைப் பெருமையா காட்டியிருக்காங்க."

"நான் கலெக்டர் இல்ல சார்."

"ஆகலாமே? வயசு இருக்கில்ல?"

நீர்மோரைக் கீழே வைத்தேன். "எங்கப்பா செத்துட்டார்னு போட்டிருக்கு சார். அவரும் திரும்ப உயிரோட ஆகலாமா?"

அவருக்கு முகம் சுருங்கியது. "பாருங்க, அந்தப் பேஜ்தான் நம்ம குரூப்ல டாப் கான்ட்ரிப்யூட்டர். தினமும் போடறாங்க. அதனாலதான் குரூப் ஆக்டிவா இருக்கு. மெம்பர்ஸ் எவ்வளவு ஏறியிருக்காங்க தெரியுமா?"

"யார் சார் அவங்க? நம்ம ஏரியாவா?"

அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். முகப்பில் ஒரு தாமரைப்பூ. ஊர் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை. கீழே தள்ளத் தள்ள எல்லாமே வேறு வேறு மொழியில் வந்துகொண்டிருந்தது. அவர் ரொம்ப நேரம் தள்ளிக்கொண்டிருந்தார். "தெரியலையே," என்றார் கடைசியில். மழை சமயத்தில் தெருத் தெருவாகப் போய்த் தண்ணி அளவைப் போட்டோ எடுத்துப் போட்டவர் இவர்தான். இப்போது யார் என்றே தெரியாத ஒன்றுக்குத் தன் குழுவின் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார்.

என் கண் முன்னாலேயே பதிவை நீக்கினார். அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் அது வாட்ஸ்அப்பில் போய், படப்பையில் இருக்கும் எங்கள் சித்தி வீடு வரைக்கும் போய்விட்டது. சித்தி போன் போட்டு, சொல்லவே இல்லையே என்று அழுதாள்.

அடுத்த வாரம் அப்பாதான் இன்னொரு படத்தைக் கண்டுபிடித்தார். கிடங்கில் யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். உள்ளே வரும்போதே, "ஏய், இங்க வா, இந்தத் தடவ எனக்கு ஆக்சிடென்ட்டு!" என்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். ஒருவிதத்தில் திருப்தி போல இருந்தது அவருக்கு.

அதே அம்மா. அதே முகம், அதே ஒட்டுச் சிரிப்பு. ஆனால் இப்போது சிவப்புப் புடவை, முன்னால் இட்லிப் பானை. பக்கத்தில் போலீஸ் உடுப்பில் மீசை வைத்த ஒரு பையன். இட்லி விற்று மகனைப் போலீஸ் அதிகாரி ஆக்கிய தாய். ஒரு சல்யூட் போடாமல் கடந்து செல்லாதீர்கள்.

அம்மா வாங்கிப் பார்த்தாள். கிட்டே, தூரமாக, மறுபடியும் கிட்டே.

"இவன் யாரு?"

"யாருமில்லம்மா."

"நீ எங்க?"

"நான் இதுல இல்ல."

"எனக்கேது பையன்?" என்றாள். விரலால் படத்தைத் தள்ளிப் பார்த்தாள், ஓரத்தில் எங்கேயாவது நான் இருப்பேன் என்பது மாதிரி. "உன்ன எடுத்துட்டானா? உன்ன எடுத்துட்டு இவன வெச்சிக்கிறானா?"

"அவனுக்கு யாரா இருந்தா இன்னா?" என்றார் அப்பா.

அம்மா போனை மெத்தையில் எறிந்தாள். எழுந்து முகம் கழுவினாள், கட்டுப் போட்ட கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. "காலைல நீ வேலைக்குப் போறதுக்கு முன்ன என்ன வரிசைக்கு இட்டுனு போ," என்றாள்.

காலையில் அவளை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். லோடு ஆட்டோவிலிருந்து மீன் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸ் தண்ணி ரோட்டில் ஓடியது. அம்மாவைப் பார்த்ததும் கொஞ்சம் பேர் எழுந்தார்கள், கையைப் பிடித்துப் பார்த்தார்கள். "கலெக்டரம்மா வந்தாச்சு" என்று ஒரு குரல்.

"பெரியக்கா, என் இடம் எனக்கு வேணும்," என்றாள் அம்மா, பெரிம்மாவிடம்.

"கழுவிக் குடுத்தாச்சேடி. நீதான குடுன்ன?"

"நான் சொன்னது பொய்யி."

"எது பொய்யி? வாயத் தொறந்து முழுசா சொல்லு. எல்லாரும் கேக்கட்டும். அப்புறம் நான் நாயம் பேசறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் லேபின் நீலச் சட்டையில், ஊசிப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் பேச வாயெடுத்தாள், நிறுத்தினாள். அந்தப் படம் வருவதற்கு முன்னால் நான் கலெக்டரா இல்லையா என்பது யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. இப்போது அவள் என்னிடமிருந்து எதையோ பிடுங்குவது மாதிரி நின்றாள். எவனோ இலவசமாகக் கொடுத்ததை அவள் தன் வாயால் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"சொல்லும்மா," என்றேன். "பரவால்ல."

மீன் கூவி விற்கிற குரலில் சொன்னாள். வேறு குரல் அவளுக்கு வரவில்லை போல.

"எம்பொண்ணு கலெக்டர் இல்ல! ரத்தம் எடுக்கிறா! வூடு வூடா போயி ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறா! எம்புருசனும் சாவல, வூட்லதான் கீறான்! நான் தொழில உடல, கை சீழ் புடிச்சிக் கெடக்கு, அதான் வரல! ஆமான்னு சொன்னது ஆசையில சொன்னேன்! போதுமா?"

ரோட்டில் மீன் வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு வரிசை மொத்தமும் சிரித்தது. "அடிப்பாவி, வூட்லதான் கீறானா? நான் அன்னிக்கி மாலை வாங்கினு வரலாமான்னு பாத்தேன்" என்றாள் ஒருத்தி. அம்மாவும் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

அந்தச் சின்னப்பெண்ணும் சிரிக்கவில்லை. கட்டையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பொய் சொன்னது அவங்க," என்றாள். "எழுந்துக்கறது நானா?"

கேள்வி சரியான கேள்வி.

"எனக்கு மஞ்சத் தண்ணி ஊத்தித்தான குடுத்தீங்க? நான் கேட்டா வாங்கினேன்? ரெண்டு வருசமா ஓரத்துல நின்னுகினு இருந்தேன். இப்பத்தான் நாலு பேரு என்னத் தேடி வராங்க."

பெரிம்மா வெற்றிலையைத் துப்பினாள். பிறகு நியாயம் சொன்னாள். வரிசையில் எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து கடைசியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு இடம் விட வேண்டும். கட்டை அம்மாவுக்கு. அந்தப் பெண்ணுக்குப் புதுக் கட்டை அம்மா வாங்கித் தர வேண்டும். எல்லாரும் நகர்ந்தார்கள். முறுமுறுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். கடைசியில் கிடைத்த இடம் எது என்றால், சுவர் முடிந்து சாக்கடை திறந்திருக்கிற இடம். மரநிழல் அங்கே போகாது. வாங்க வருகிறவர்கள் பாதி வரிசையிலேயே வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள்.

அவள் எழுந்தாள். குழந்தைக் கூடையை முதலில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு மீன். பிறகு தராசு. நான் தராசை எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். "வேணாம்," என்றாள்.

இது நடந்து மாதங்கள் ஆகின்றன. அம்மாவின் கை ஆறிவிட்டது, இரண்டு விரல் மட்டும் முழுசாக மடங்குவதில்லை. கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சின்னப்பெண்ணுக்கு வாங்கித் தர வேண்டிய கட்டையையும் வாங்கிக் கொடுத்தோம். அந்தப் படம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் ஒன்று பார்த்தேன், அதில் அம்மா பூ விற்கிறாள், மகள் விஞ்ஞானி. புகார் செய்தேன். விதிகளுக்கு எதிராக எதுவும் இல்லையாம். எவன் செய்கிறானோ அவனுக்குப் பெருங்களத்தூர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. அவன் ஒரு பொத்தானைத் தட்டினான். இங்கே ஒரு கைக்குழந்தைக்காரி வெயிலுக்கு நகர்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. இதற்கு எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

மீன் வாங்க வருகிறவர்களில் யாராவது இன்னும் கேட்கிறார்கள். "உங்களுக்கென்னம்மா, பொண்ணு கலெக்டர், ரெண்டு மீன் சேத்துப் போடக்கூடாதா?" அம்மா தலையைத் தூக்குவதே இல்லை. செதிலைச் சீவிக்கொண்டே சொல்கிறாள், "கலெக்டர் இல்ல சார், ரத்தம் எடுக்கிறா. உங்களுக்குச் சர்க்கரை கிர்க்கரை பாக்கணும்னா சொல்லுங்க, வூட்டுக்கே வருவா." அப்படி எனக்குக் கொஞ்சம் பேர் கிடைத்தும் இருக்கிறார்கள்.

வரிசையில் எனக்கு அந்தப் பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. வண்டியை நிறுத்தினாலே, "கலெக்டரே, டீ சொல்லு," "கலெக்டரே, அந்தக் குடைய நவுத்து" என்று ஆளாளுக்குக் கூப்பிடுகிறார்கள். நானும் போய்ச் செய்கிறேன்.

டீ வாங்கி வந்தால் வரிசையின் கடைசி வரைக்கும் கொண்டுபோகிறேன். அந்தச் சின்னப்பெண் வாங்கிக்கொள்கிறாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஈயை ஓட்டிக்கொண்டே ரோட்டைப் பார்க்கிறாள். முன்னால் மேடம் என்று கூப்பிட்டவள், இப்போது என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் வீட்டு மேல் தொங்குகிற கம்பிக்காக மின்சார ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். நீங்க யாரு என்று கேட்டார்கள். யாருமில்லை, ரத்தம் எடுக்கிறவள் என்றேன். உட்காரச் சொன்னார்கள். இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறேன்.